வழித்துணையாக வந்த வம்பயர்

ஹெர்மிஸ் தாண்ட கதையைக் கேள்விப்படாத ஆள் மட்டக்களப்புக் கரையில் இல்லை. கல்லடியிலிருந்து ஏறக்குறைய ஐந்து கடல் மைல் போனால், ஐம்பது மீற்றருக்குச் சற்றுக் கூடிய ஆழத்தில் அந்த விமானந்தாங்கிக் கப்பல் சரிந்து கிடக்கிறது. கடல் அடங்கியிருக்கும் மாதங்களில் அதைப் பார்க்கவென்றே வெளிநாட்டுச் சுழியோடிகள் இங்கே வந்து இறங்குகிறார்கள். எங்கள் மீனவர்களுக்கோ அது தலைமுறை தலைமுறையாகத் தூண்டில் போடும் இடம்.

1942 ஏப்ரல் 9 ஆம் திகதி காலையில் ஹெர்மிஸுக்கு வழித்துணையாக வந்த இன்னொரு கப்பலும் இதே கடலில் தாண்டது. அதன் பெயர் வம்பயர். அவுஸ்திரேலியக் கடற்படையின் நாசகாரிக் கப்பல். அதைப் பற்றிக் கேட்டால் எங்கள் ஊரிலேயே பலர் முழிக்கிறார்கள். நான் பாடசாலையில் வரலாறு கற்பித்த காலத்தில், இரண்டாம் உலகப் போர் என்ற பாடம் போலந்தில் தொடங்கி ஹிரோஷிமாவில் முடிந்துவிடும். நமது வாசலில் நடந்த சண்டைக்கு அதில் ஒரு பந்தி கிடைத்தால் பெரிய காரியம். அந்தப் பந்தியிலும் ஹெர்மிஸ்தான் இருக்கும். வம்பயரின் கதையை முழுதாக ஒருவர் தமிழில் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் அப்போதே எனக்கு விழுந்தது. பெரிய கப்பல்களின் வரலாற்றை எழுத ஆளுண்டு. அவற்றின் பக்கத்தில் நின்ற கப்பல்களின் பெயர் கடைசி வரியில் வந்து போகும், அல்லது வராமலே போகும்.

வம்பயர் பிறந்தது இங்கிலாந்தின் வைட் தீவிலுள்ள கௌஸ் என்ற ஊரில், ஜே. சாமுவேல் வைட் கப்பல் கட்டுந்தளத்தில். முதலில் வொலஸ் என்ற பெயரோடு கட்டத் தொடங்கியவர்கள், முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917 இல் பெயரை வம்பயர் என மாற்றி, அதே ஆண்டில் கடலில் இறக்கிச் சேவையிலும் சேர்த்தார்கள். நீளம் 95 மீற்றர். வேகம் மணிக்கு 34 கடல் மைல். மெலிந்த, வேகமான, நான்கு பீரங்கிகளும் டோர்பிடோக் குழாய்களும் கொண்ட கப்பல். போர் முடிந்தபின் ஆண்டுகள் போயின. 1933 இல் பிரிட்டன் தனது பழைய நாசகாரிகள் ஐந்தை அவுஸ்திரேலியாவுக்குக் கொடுத்தது. ஸ்டுவர்ட், வெண்டெட்டா, வொயேஜர், வோட்டர்ஹென், வம்பயர். உலகமே பொருளாதார மந்தத்தில் கிடந்த காலம் அது. புதுக் கப்பல் வாங்க அவுஸ்திரேலியாவிடம் காசு இல்லை.

இந்த ஐந்தும் 1939 இன் இறுதியில் மத்தியதரைக் கடலுக்குப் போய்ச் சேர்ந்தன. ஹெக்டர் வொலர் என்ற தளபதி ஸ்டுவர்ட்டில் இருந்தபடி ஐந்தையும் வழிநடத்தினார். ஜேர்மன் பிரசாரம் இவற்றைப் பழைய இரும்பு என்று ஏளனம் செய்தது. மாலுமிகள் அந்தப் பெயரையே பெருமையோடு எடுத்துச் சூடிக்கொண்டார்கள். பழைய இரும்பு அணி என்றுதான் இன்றும் அவுஸ்திரேலியர் அவற்றைச் சொல்கிறார்கள். அந்த இரும்புக்கு அப்போது வயது இருபதைத் தாண்டிவிட்டது. கொதிகலன் ஒழுகும், இயந்திரம் உதறும், உதிரிப்பாகம் கிடைக்காது. இந்த நிலையில்தான் அவை ஓய்வில்லாமல் ஓடின.

வழித்துணைக் கப்பலின் வேலை என்ன என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்திலிருந்து கதிர்காமத்துக்குக் காட்டுவழியே பாதயாத்திரை போகும் கூட்டத்தின் முன்னால், பற்றையைத் தட்டிப் பார்த்தபடி ஒருவர் நடப்பார். வழித்துணைக் கப்பலின் வேலையும் அதுதான். பெரிய கப்பலுக்கு முன்னாலும் பக்கத்திலும் வளைந்து வளைந்து ஓட வேண்டும். நீரடியில் ஒலி அனுப்பி, அது எதிலாவது பட்டுத் திரும்புகிறதா என்று அஸ்டிக் கருவியில் ஒருவர் இரவும் பகலும் காது கொடுத்திருக்க வேண்டும். நீர்மூழ்கி இருப்பதாகத் தெரிந்தால் அதன் மேலாகப் போய் நீரடிக் குண்டுகளைப் போட வேண்டும். தான் காவல்காக்கும் கப்பலுக்கு அடிபட்டால் அதன் ஆட்களை நீரிலிருந்து தூக்க வேண்டும். எதிரி பெரிய கப்பலைத் தேடித்தான் வருவான். இருந்தாலும் முதலில் எதிர்ப்படுவது துணைக் கப்பலாகவே இருக்கும்.

வம்பயர் மத்தியதரைக் கடலில் இந்த வேலையை ஒன்றரை ஆண்டு செய்தது. 1940 ஜூலையில் கலப்ரியாச் சண்டையை ஒட்டிய நாட்களில் இத்தாலிய விமானங்கள் போட்ட குண்டின் சிதறல் பட்டு அதன் அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். 1941 இன் தொடக்கத்தில் லிபியக் கரையோரம் ஓடியது. கிரேக்கத்துக்குப் படைகளை ஏற்றிப் போன கப்பல்களுக்குக் காவல் போனது. சில வாரங்களிலேயே அந்தப் படைகள் தோற்றுத் திரும்பியபோதும் அதே கடலில் நின்றது. அந்த ஆண்டு மே மாதத்தில் இயந்திரம் இனித் தாங்காது என்ற நிலை வந்தது. பழுதுபார்க்கச் சிங்கப்பூருக்கு அனுப்பினார்கள்.

இந்த மத்தியதரைக் கடல் காலத்தில் நடந்த ஒரு சம்பவத்தை வாசகர் மனதில் வைத்திருக்க வேண்டும். 1941 ஏப்ரலில் தோப்ரூக் துறைமுகத்துக்கு வெளியே வீட்டா என்ற ஆஸ்பத்திரிக் கப்பல் குண்டுவீச்சில் அடிபட்டு அசையமுடியாமல் நின்றது. அதிலிருந்த காயப்பட்டவர்களையும் வைத்தியர்களையும் தாதியரையும் ஏற்றிக் காப்பாற்றியது வம்பயரின் கூட்டாளியான வோட்டர்ஹென். இரண்டு மாதங்களுக்குப் பின் அதே கரையில் வோட்டர்ஹென்னும் குண்டுபட்டுத் தாண்டது. வீட்டா பிழைத்தது. பழுதுபார்த்து மறுபடியும் கடலுக்கு வந்தது. அதன் பெயர் இந்தக் கதையில் இன்னொரு முறை வரும்.

1941 டிசம்பர் 8 ஆம் திகதி மாலை, பிரின்ஸ் ஒஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரண்டு பெரும் போர்க்கப்பல்கள் சிங்கப்பூரிலிருந்து வடக்கே புறப்பட்டன. மலாயாவின் கிழக்குக் கரையில் இறங்கிக்கொண்டிருந்த ஜப்பானியரை அடிப்பது அட்மிரல் டொம் பிலிப்ஸின் எண்ணம். துணைக்கு நான்கு நாசகாரிகள்: எலெக்ட்ரா, எக்ஸ்பிரஸ், டெனிடொஸ், வம்பயர். மேலே காவல் விமானம் ஒன்றுகூட இல்லை. டெனிடொஸை எரிபொருள் குறைவென்று இடையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 10 ஆம் திகதி நண்பகலில் குவந்தானுக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் இரண்டு கப்பல்களையும் மடக்கின. பன்னிரண்டரை மணியளவில் ரிபல்ஸ் கவிழ்ந்தது. ஒரு மணிநேரத்துக்குள் பிரின்ஸ் ஒஃப் வேல்ஸும் போயிற்று. ஏறக்குறைய 840 பேர் மாண்டார்கள்.

ரிபல்ஸ் தாண்ட இடத்தில் எலெக்ட்ராவும் வம்பயரும் நின்றன. கடலின்மேல் எரிபொருள் எண்ணெய் தடித்துப் படர்ந்திருந்தது. எண்ணெய் குடித்தவர்கள், கண் எரிந்து பார்வை மங்கியவர்கள், கை வழுக்கிக் கயிற்றைப் பிடிக்க முடியாதவர்கள். எந்த நேரமும் விமானங்கள் திரும்பி வரலாம். நின்றுகொண்டிருக்கும் கப்பலை அடிப்பது மிகச் சுலபம். இருந்தும் வம்பயர் இயந்திரத்தை அடக்கிவிட்டு ஆட்களைத் தூக்கியது. 225 பேரைத் தூக்கியது. ரிபல்ஸின் தலைவர் கப்டன் டெனன்ட் அவர்களில் ஒருவர். தனது சொந்த மாலுமிகளைவிடக் கூடுதலான ஆட்களைச் சுமந்துகொண்டு அந்தச் சிறு கப்பல் அன்றிரவு சிங்கப்பூருக்குத் திரும்பியது. நான் வம்பயரைப் பற்றிப் படித்ததில் இந்த எண்ணைத்தான் முதலிடத்தில் வைக்கிறேன். அது எத்தனை கப்பலை அடித்தது என்று தேடினால் சொல்வதற்கு அதிகம் கிடைக்காது. எத்தனை பேரை வீட்டுக்குத் திருப்பி அனுப்பியது என்று தேடினால் இந்த ஒரு நாளே போதும்.

ஜனவரியில் இன்னொரு வேலை வந்தது. மலாயாவின் கிழக்குக் கரையிலுள்ள எண்டாவ் என்ற இடத்தில் ஜப்பானியர் ஆட்களையும் பொருட்களையும் இறக்குகிறார்கள் என்ற செய்தி கிடைத்து, 26 ஆம் திகதி பிற்பகல் வம்பயரையும், அதைப் போலவே பழைய தானெட் என்ற பிரிட்டிஷ் நாசகாரியையும் அனுப்பினார்கள். அன்று சிங்கப்பூரில் அனுப்புவதற்கு வேறு கப்பல் இருக்கவில்லை. இரவோடிரவாக இரண்டும் கரையை அணுகின. எதிரே செண்டாய் என்ற குரூஸரும் நாசகாரிகள் பலவும் நின்றன. வம்பயர் விட்ட டோர்பிடோக்கள் இலக்கைத் தவறவிட்டன. விடியுமுன் தானெட் அடிபட்டு நின்றுவிட்டது. வம்பயர் புகையைக் கக்கி அதை மறைக்கப் பார்த்தது. முடியவில்லை. தானெட் தாண்டது. வம்பயர் மட்டும் ஒரு அடியும் படாமல் திரும்பியது. அடுத்த மாதம் 15 ஆம் திகதி சிங்கப்பூர் விழுந்தது. மலாயாவில் உத்தியோகம் பார்த்த எத்தனையோ யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்கு அன்றோடு கடிதப் போக்குவரத்து அறுந்தது. போர் முடியும்வரை உயிரோடு இருக்கிறார்களா என்றே தெரியாமல் இருந்த வீடுகள் பல.

வம்பயர் அதற்குள் இலங்கைக்கு வந்துவிட்டது.

இங்கே அது ஹெர்மிஸோடு சேர்ந்தது. ஹெர்மிஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். விமானந்தாங்கியாகவே திட்டமிட்டு வரையப்பட்ட உலகின் முதல் கப்பல் அது. 1920களில் சேவைக்கு வந்தது. (இந்தியக் கடற்படையின் விராட் ஆக மாறிய ஹெர்மிஸ் வேறு, அது அதே பெயரில் பின்னாளில் கட்டப்பட்டது.) 1942 இல் அதுவும் பழசாகிவிட்டது. வேகம் குறைவு, கொள்ளும் விமானங்களும் குறைவு.

உயிர்த்த ஞாயிறன்று, ஏப்ரல் 5 ஆம் திகதி, ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிகளிலிருந்து வந்த விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அன்று பிற்பகலே டோர்செட்ஷயர், கோர்ன்வோல் என்ற இரண்டு குரூஸர்களும் தென்கடலில் தாண்டன. கொழும்பிலிருந்து சனம் ஊர்களுக்குக் கிளம்பியது. கடலுக்கு அப்பால் சென்னையிலும் மக்கள் கூட்டங்கூட்டமாக நகரைக் காலிசெய்தார்கள், அரசாங்க அலுவலகங்களையே உள்நாட்டுக்கு மாற்றினார்கள். நகுமோ கிழக்கே விலகிப் போய்த் திரும்பினார். 8 ஆம் திகதி கட்டலினா வகை வேவு விமானம் ஒன்று அவரது கப்பல்களை மறுபடியும் கண்டது. அடுத்த இலக்கு திருகோணமலை என்பது விளங்கிவிட்டது. துறைமுகத்திலிருக்கும் கப்பல்கள் எல்லாம் அன்றிரவே வெளியேறிக் கரையை ஒட்டித் தெற்கே போகவேண்டும் என்று பிரிட்டிஷ் அட்மிரல் ஆர்பத்நொட் கட்டளையிட்டார்.

ஹெர்மிஸ் புறப்பட்டது. வம்பயர் துணையாகப் புறப்பட்டது. ஹொலிஹொக் என்ற சிறிய கொர்வெட் கப்பல், அத்தெல்ஸ்டேன், பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல்கள், இன்னும் சிலவும் புறப்பட்டன. ஹெர்மிஸின் விமானங்கள் சீனக்குடா விமானத்தளத்தில் நின்றன. அவற்றை ஏற்றிக்கொள்ளாமலே கப்பல் வெளியேறியது. விமானமில்லாத விமானந்தாங்கிக்கும், அதன் பக்கத்தில் ஓடும் வம்பயருக்கும் வானத்துக்கு எதிராக இருந்த காவல் அவற்றின் சொந்தத் துப்பாக்கிகள் மட்டுமே.

9 ஆம் திகதி காலை ஏழரை மணியளவில் திருகோணமலையில் குண்டு விழத் தொடங்கியது. அப்போது இரு கப்பல்களும் எங்கள் பக்கத்துக் கடலுக்கு வந்துவிட்டன. தாக்குதல் முடிந்ததென்று கண்டு, சீனக்குடாவின் விமானங்கள் காவல் தரும் என்ற நம்பிக்கையில் திரும்பி வரச் சொன்னார்கள். ஒன்பது மணியளவில் வடக்கு நோக்கித் திரும்பின. ஹருனா என்ற ஜப்பானியப் போர்க்கப்பலின் வேவு விமானம் அதற்குள் அவற்றைக் கண்டுவிட்டது. நகுமோவின் கப்பல்களிலிருந்து ஏறக்குறைய 85 குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பின. ஹெர்மிஸ் உதவி கேட்டுச் செய்தி அனுப்பியபடி இருந்தது. திருகோணமலையில் தொலைபேசிக் கம்பிகள் அறுந்து கிடந்தன. சண்டை விமானங்களில் பறக்கக்கூடிய நிலையில் மிஞ்சியவை சில. இரத்மலானையிலிருந்து கிளம்பிய விமானங்கள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

பத்தரை மணி கழிந்ததும் விமானங்கள் வந்தன. சூரியன் இருக்கும் பக்கத்திலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகச் செங்குத்தாகப் பாய்ந்தன. ஹெர்மிஸ்மேல் ஏறக்குறைய 40 குண்டுகள் விழுந்தன. இருபது நிமிடத்துக்குள் அது கவிழ்ந்துவிட்டது. அதன் தலைவர் கப்டன் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் போனார்கள்.

வம்பயரின் நான்கு பெரிய பீரங்கிகளை நினைத்துப் பாருங்கள். 1917 இல் அந்தப் பீரங்கிகளைப் பொருத்தியவர்கள் மனதில் இருந்தது கடல்மட்டத்தில் வரும் எதிரிக் கப்பல். குழாயை 30 பாகைக்கு மேல் உயர்த்த முடியாது. தலைக்கு நேர் மேலிருந்து விழும் விமானத்தை அந்தப் பீரங்கியால் குறிபார்க்கவே இயலாது. பீரங்கிக்காரர் பக்கத்தில் நின்று, தங்களுக்கு எட்டாத உயரத்திலிருந்து விமானம் பெரிதாகிக்கொண்டு வருவதைப் பார்க்கத்தான் முடியும். சிறிய விமான எதிர்ப்புத் துப்பாக்கிகள் மட்டும் சுட்டுக்கொண்டிருந்தன. மத்தியதரைக் கடலில் விமானத் தாக்குதலைப் பார்த்த அனுபவம் வம்பயர்க்காரருக்கு இருந்தது. திரும்பத் திரும்ப வளைந்து ஓடினால் குண்டு தப்பும் என்று தெரியும். அங்கே வந்தவை சில விமானங்கள். இங்கே ஹெர்மிஸை முடித்துவிட்டு மிஞ்சியவை எல்லாம் இதன்மேல் வந்தன.

முதலில் விழுந்தவை பக்கத்து நீரில் வெடித்துக் கப்பலைக் குலுக்கின. அடுத்து ஒரு குண்டு கொதிகலன் அறையில் இறங்கியது. நீராவி போயிற்று, கப்பல் நின்றுவிட்டது. நின்ற கப்பல்மேல் மேலும் நான்கு குண்டுகள் அடுத்தடுத்து விழுந்தன. தலைவர் கொமாண்டர் மொரான் கப்பலை விட்டு வெளியேறக் கட்டளை கொடுத்தார். மிதவைகளை இறக்கிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு குண்டு நடுமுதுகை முறித்தது. முன்பாதி விரைவாக இறங்கிவிட்டது. பின்பாதி கொஞ்ச நேரம் மிதந்து நின்றது. பிறகு அதிலிருந்த வெடிமருந்து அறை வெடித்து, அதுவும் போயிற்று. அப்போது நேரம் பதினொரு மணியை ஒட்டியிருக்கும்.

வம்பயரில் இறந்தவர்கள் எட்டுப் பேர்: மொரானும் மாலுமிகள் எழுவரும். இரண்டாக முறிந்து, வெடித்துத் தாண்ட கப்பலில் எட்டே பேர் என்பது மிகக் குறைந்த எண்ணிக்கை. வெளியேறும் கட்டளை தக்க நேரத்தில் வந்ததுதான் அதற்கு முதற் காரணம் என்பது என் முடிவு. கப்பல் இனி ஓடாது என்று தெரிந்ததும், போராடிப் பார்ப்போம் என்று ஆட்களைக் கீழே நிறுத்தி வைக்காமல் மேலே அனுப்பிய தலைவர் அவர். தானே வரவில்லை.

நீரில் கிடந்தவர்களைத் தேடி வந்த கப்பல் வீட்டா. ஓராண்டுக்கு முன் தோப்ரூக்கில் வோட்டர்ஹென் கைகொடுத்த அதே ஆஸ்பத்திரிக் கப்பல். வெள்ளைப் பூச்சும் செஞ்சிலுவையும் கண்டு ஜப்பானிய விமானிகள் அதைத் தொடவில்லை. ஹெர்மிஸிலும் வம்பயரிலும் இருந்து ஏறக்குறைய 600 பேரை அது ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுபோனது. பழைய இரும்பு அணியின் ஒரு கப்பல் காப்பாற்றிய கப்பல், அதே அணியின் இன்னொரு கப்பலின் ஆட்களைக் காப்பாற்றியது. இதைப் படித்த அன்று வெகுநேரம் என்னால் வேறு வேலை பார்க்க முடியவில்லை.

அன்று பகலில் எங்கள் கரை நெடுகிலும் சாவு தொடர்ந்தது. தெற்கே ஹொலிஹொக்கும் அத்தெல்ஸ்டேனும் தாக்கப்பட்டுத் தாண்டன. அத்தெல்ஸ்டேனின் ஆட்கள் பிழைத்தார்கள். அதற்குக் காவலாக வந்த ஹொலிஹொக்கின் ஆட்களில் பெரும்பாலானோர் அதன் தலைவர் டேவிஸோடு போனார்கள். இங்கேயும் துணைக்கு வந்தவர்களே உயிர் கொடுத்தார்கள். பிரிட்டிஷ் சார்ஜன்ட் அடிபட்ட பின்னும் கரையை எட்டப் பார்த்து, பாசிக்குடாவுக்கு வடக்கே தாண்டது. நோர்வேயின் நோர்விகன் என்ற சரக்குக் கப்பலும் அன்று தப்பவில்லை.

பிரிட்டிஷ் கிழக்குக் கடற்படை இதற்குப்பின் ஆபிரிக்கக் கரையிலுள்ள மொம்பாசாவுக்குப் பின்வாங்கியது. நகுமோவும் இந்தப் பக்கம் திரும்பி வரவில்லை. எங்கள் கடலுக்கு வந்த ஐந்து விமானந்தாங்கிகளில் அகாகி, சொர்யு, ஹிர்யு என்ற மூன்றும் இரண்டு மாதம் கழியுமுன் மிட்வேயில் அமெரிக்க விமானங்களிடம் அழிந்தன.

வம்பயரைச் சிலர் துரதிர்ஷ்டம் பிடித்த கப்பல் என்று எழுதியிருக்கிறார்கள். பிரின்ஸ் ஒஃப் வேல்ஸோடு போனது, அது தாண்டது. ரிபல்ஸ், அதுவும். தானெட், அதுவும். கடைசியில் ஹெர்மிஸ். இந்தப் பேச்சை நான் ஏற்கமாட்டேன். 1941 டிசம்பர் முதல் 1942 ஏப்ரல் வரை இந்தக் கடல்களில் பிரிட்டிஷ் கப்பல்கள் மேலே விமானக் காவல் இல்லாமல் அனுப்பப்பட்டன. அனுப்பியவர்களின் கணக்குப் பிழைத்தது. ஒவ்வொரு முறையும் பக்கத்தில் நிற்கச் சொன்ன இடத்தில் வம்பயர் நின்றது. அபாயமான இடத்துக்கெல்லாம் அதை அனுப்பினார்கள் என்பதுதான் உண்மை. அது போகாமல் இருந்ததில்லை.

எங்கள் மீனவரின் நினைவு வேறு வகையானது. என் மச்சான் கல்லடியில் படகு வைத்திருப்பவர். அவருடைய தகப்பன் காலத்தில் ஹெர்மிஸ் கிடக்கும் இடத்தைப் பிடிப்பதற்குக் கரையிலுள்ள உயர்ந்த தென்னைகளையும் தூரத்தில் தெரியும் குடும்பிமலையையும் ஒரே நேரில் வைத்துப் பார்த்துத்தான் படகை நிறுத்துவார்களாம். இப்போது ஜி.பி.எஸ். கருவி வந்துவிட்டது. "அங்க வலையக் கொண்டு போனா வலை திரும்பி வராது மச்சான், இரும்பில மாட்டிரும். கைத்தூண்டில்தான் போடணும்" என்பார். பாரையும் கலவாயும் அங்கே நன்றாகப் படும். "கீழ கிடக்கிறது எத்தின பேருட சவக்காலை எண்டு எங்கட அப்பா சொல்லுவாரு. முதல் மீனப் பிடிக்க முன்ன ஒருக்கா கும்பிட்டுட்டுத்தான் தூண்டில் போடுவாரு." அந்தக் கும்பிடு ஹெர்மிஸுக்கு மட்டும் உரியதாக இருந்திருக்காது என்று நம்புகிறேன்.

அவுஸ்திரேலியர் வம்பயரை மறக்கவில்லை. 1959 இல் சேவைக்கு வந்த புதிய நாசகாரி ஒன்றுக்கு அதே பெயரை வைத்தார்கள். அந்த இரண்டாவது வம்பயர் இப்போது சிட்னியின் டார்லிங் துறையில் அருங்காட்சியகக் கப்பலாக நிற்கிறது. பள்ளிப் பிள்ளைகள் ஏறி இறங்கிப் பார்க்கிறார்கள். கன்பெராவிலுள்ள அவுஸ்திரேலியப் போர் நினைவகத்தின் பெயர்ப் பலகையில் மொரானின் பெயர் இருக்கிறது. சிட்னிக்குப் புலம்பெயர்ந்துபோன எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். டார்லிங் துறைப் பக்கம் போகும்போது அந்தக் கப்பலில் ஏறுங்கள். அதன் பெயரை முதலில் சுமந்த கப்பல் உங்கள் ஊர்க் கடலில் கிடக்கிறது என்று உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

இங்கே இருப்பவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். வாகரையிலிருந்து பொத்துவில் வரை கரையோரத்து வீடுகளில், 1942 சித்திரையில் கடலில் கேட்ட சத்தத்தைப் பற்றி, கரையில் ஒதுங்கியவற்றைப் பற்றி அம்மம்மாவோ அப்பப்பாவோ சொன்ன பேச்சு இன்னும் இருக்கும். நேரில் கண்டவர்களில் எஞ்சியிருப்போர் தொண்ணூறை ஒட்டியவர்கள் அல்லது தாண்டியவர்கள். அவர்களிடம் கேட்டு, சொன்னவர் பெயரும் ஊரும் சேர்த்து எழுதி, உங்கள் ஊர்ப் பாடசாலை நூலகத்தில் ஒரு பிரதி வையுங்கள். ஏப்ரல் 9 ஆம் திகதி வரும்போது ஹெர்மிஸோடு வம்பயரின் பெயரையும் ஹொலிஹொக்கின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.